மூடியார் வராத விசேஷம் இல்லை

இன்றைக்கு எனக்குக் கல்யாண நாள் இல்லையே.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவளுக்குள் ஓடிய முதல் நினைப்பு இதுதான். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தபோதே திரும்பி ஓடியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அந்தச் செருப்புகளில் பாதி அவளுக்குப் பழக்கமானவை. ஒரு பக்கமாகத் தேய்ந்த கறுப்பு ஜோடி கணக்காளருடையது. அமிலத் துளி விழுந்து வெளுத்துப்போனது ஆய்வகக்காரருடையது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் இவர்கள் எல்லோரும் தலைவலி, பல்வலி, மாமியார் வருகை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அலுவலகத்திலிருந்து நழுவியிருந்தார்கள்.

கூடத்தில் அலுவலகமே நின்று கைதட்டியது. சுவரில் வண்ணக் காகித எழுத்துகள் தொங்கின: 'முப்பதாவது திருமண நாள் வாழ்த்துகள்'. கடையில் 'வாழ்த்துக்கள்' என்றுதான் விற்பார்கள் போலிருக்கிறது. நடுவில் இருந்த 'க்' மட்டும் அவிழ்க்கப்பட்டு மேசைமேல் தனியாகக் கிடந்தது. அது அவளுடைய கணவரின் கைவேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் அவர். ஓய்வு பெற்ற பின்பும் மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வீட்டுப்பாடம் எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உள்ள வா," என்றார் கணவர். புதுச் சட்டை போட்டிருந்தார். விலைச் சீட்டு இன்னும் காலரில் ஆடியது.

"என்னங்க இதெல்லாம்?"

"எனக்கு இந்தப் புத்தியெல்லாம் ஏது? எல்லாம் சாரோட ஏற்பாடு."

சோபாவுக்குப் பின்னாலிருந்து, இரண்டு கையாலும் கேக் பெட்டியைத் தாங்கிக்கொண்டு, மூடியார் எழுந்தார்.

அவளுடைய துறையில் மூடியாரைத் தெரியாதவர் கிடையாது. மருந்துப் பொட்டலங்களின் பாதுகாப்பைக் கவனிக்கிற அந்தத் துறைக்குப் போன வருடம்வரை அவர்தான் இயக்குநர். குழந்தைகளுக்கான சிரப்பைப் பழ ருசியில் செய்கிறார்கள். அதைப் பழச்சாறு என்று நினைத்து முழுப் பாட்டிலையும் குடித்துவிட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சில குழந்தைகள் வீடு திரும்பவில்லை. அப்போதுதான், அழுத்திக்கொண்டே திருப்பினால் மட்டும் திறக்கிற மூடியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் கிளம்பினார். சோதனைக்காக அலுவலகத்துக்கே குழந்தைகளை வரவழைத்துப் பாட்டில்களைக் கையில் கொடுத்தார்கள். குழந்தைகள் திறக்கக் கூடாது, பெரியவர்கள் திறக்க வேண்டும் என்பது சோதனை. நடந்தது தலைகீழ். கணக்காளர் வியர்த்துத் தோற்றார். முன்பல் விழுந்த ஒரு சிறுமி கடைவாய்ப் பல்லால் கடித்தே திறந்தாள். இயக்குநர் அந்தச் சிறுமியின் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "எப்படிக் கண்ணு திறந்த? இன்னொரு தடவை செஞ்சு காட்டு," என்று கெஞ்சினார். மூடியார் என்ற பெயர் அன்றைக்கு விழுந்தது. அவருக்கே அந்தப் பெயரில் பெருமைதான்.

அதே மூடியார் இப்போது மருந்துப் பாட்டில் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆலோசகர். அந்தச் சங்கம், புது மூடிக்கு இன்னும் இரண்டு வருட அவகாசம் வேண்டும் என்று மனுப் போட்டிருந்தது. மனுவை முடிவு செய்யும் குழு திங்கட்கிழமை கூடுகிறது. குழுவுக்குத் தலைவி அவள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓய்வு பெற்ற அதிகாரிகள் நேராகக் கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டு பழைய அலுவலகத்தில் வந்து காரியம் சாதிக்கக் கூடாது என்று விதி எழுதியவரும் மூடியார்தான். இரண்டு வருடம் எட்டி நிற்க வேண்டும். மீறி அலுவலர்களைச் சந்தித்துப் பேசினால், எந்த மனுவுக்காகப் பேசினாரோ அந்த மனு தானாகவே தள்ளுபடி. பத்திரிகைகள் அவரைப் பாராட்டி எழுதின. வேலியே பயிரை மேயாமல் இருக்க வேலிக்கே வேலி போட்டவர் என்று ஒரு பத்திரிகை படம் போட்டது. வரைவின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'குடும்ப நிகழ்ச்சிகளில் நேரும் சந்திப்புக்கு இவ்விதி பொருந்தாது.'

"ரிட்டையர் ஆனவன் ஒரு கல்யாணம், ஒரு சாவுக்குக்கூடப் போகக் கூடாதா? மனுஷன்தானே," என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். அப்போது ஆட்டிய தலையைப் பின்னால் பலமுறை நொந்துகொண்டிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே மூடியார் விசேஷ வீடுகளுக்குப் புறப்பட்டார். கணக்காளரின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவர் போய் நின்றார் என்று சொல்வார்கள். தட்டச்சுப் பெண்ணின் குழந்தைக்கு முதல் பிறந்த நாள். தொப்பி மாட்டிக்கொண்டு பலூன் ஊதினார். ஆய்வகக்காரரின் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், அந்த மைத்துனருக்கு யார் இவர் என்றே தெரியாமல், பந்தியில் தண்ணீர் பரிமாறினார். விசேஷம் எங்கேயாவது கண்ணில் படுகிறதா என்று அலைவதே அவருக்கு முழுநேர வேலையாயிற்று.

அங்கெல்லாம் அவர் மூடி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. "அம்மாவுக்கு விரல் எப்படி இருக்கு? மருந்து பாட்டிலெல்லாம் திறக்க முடியுதா?" என்று மட்டும் கேட்பார். பாவம், கணக்காளர் அம்மாவின் விரலைப் பார்ப்பார். திங்கட்கிழமை அவருடைய குறிப்பில் 'முதியோர் நலனைக் கருதி' என்று ஒரு தொடர் முளைத்திருக்கும். அடுத்த வாரம் ஆய்வகக்காரருக்கும் முதியோர்மேல் திடீர்ப் பாசம் வரும். ஜலதோஷம் போல அது மேசைக்கு மேசை பரவியது. குழுவில் அவளைத் தவிர எல்லோருக்கும் தொற்றிவிட்டது. தலைவி சம்மதிக்காமல் அவகாசம் கொடுக்க முடியாது என்பது ஒன்றுதான் பாக்கி.

அவள் வீட்டில்தான் விசேஷமே நடப்பதில்லை. மகன் வெளிநாட்டில். மாமனார் மாமியார் காலமாகிவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல்கூட விடுமுறை நாளில்தான் வரும். மூடியாருக்கு நுழைய ஒரு சந்து கிடைக்கவில்லை. அதை நினைத்து அவள் சிரித்துக்கொண்டதும் உண்டு. சில மாலைகளில், யாரும் கேட்காவிட்டாலும் தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது: எல்லோர் வீட்டுக்கும் போகிறவர் நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லையே என்று மனசின் ஒரு மூலையில் ஒரு சின்னக் குறையும் இருந்தது. வேண்டாத விருந்தாளிதான். ஆனாலும் நம்மிடமும் ஒருவர் வந்து கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு நேர்மையும் தெரியாது, விதியும் தெரியாது.

இப்போது சந்து கிடைத்துவிட்டது. கணவரே திறந்து விட்டிருக்கிறார்.

ஆனால் நாள் தப்பு.

கல்யாணத்தை முதலில் கோடையில்தான் வைத்திருந்தார்கள். பத்திரிகையும் அடித்தாயிற்று. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கல்யாணம் மழைக்காலத்துக்குத் தள்ளிப்போனது. மறுபடி பத்திரிகை அடிக்கக் கையில் தெம்பில்லை. வாய்மொழியாகவே சொல்லி அனுப்பினார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாப்பிள்ளை புதுக் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அவளுடைய செருப்பையும் தன் செருப்பையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

அடுத்த வருடம் கோடையில் அவர் பூவும் கேக்குமாக வந்து நின்றார். பத்திரிகையை அகராதிக்குள் அடையாளமாக வைத்திருந்தார். அதில் தேதியைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அச்சில் வந்ததுதான் நடந்தது. மழையும் நினைவிருந்தது, அதைக் கோடை மழை என்று ஒதுக்கிவிட்டிருந்தார். 'இன்னைக்கு இல்லைங்க' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேக்கைத் தின்றாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. உண்மையான நாளும் வந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. அவள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல், ஒரு தியேட்டருக்குள் நுழைந்தாள். நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் படம் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. என்ன படம் என்று இப்போது நினைவில்லை. அந்தக் காலி இருக்கை நினைவிருக்கிறது. அதற்குப் பின் ஒரு வருடமும் அதை அவள் தவறவிட்டதில்லை. சம்பளம், சமையல், மகன், தூக்கம், உடம்பு எல்லாம் பங்கு போட்டாயிற்று. இந்த ஒரு நாள் மட்டும் பங்குக்கு வராமல் அவளிடம் தங்கியிருந்தது. இது ஏமாற்றா, சேமிப்பா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. விடை வராத கேள்விகளை அவள் அடுத்த மழைக்குத் தள்ளிவைத்துவிடுவாள்.

"முகம் கழுவிட்டு வந்து கேக் வெட்டும்மா," என்றார் மூடியார், வீட்டுக்காரரைப் போல.

"முதல்ல எல்லாருக்கும் டீ போட்டுடறேன் சார்," என்று அவள் சமையலறைக்குள் போனாள். அவளுக்கு யோசிக்க இடம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு அது பெரும்பாலும் அடுப்புக்கு முன்னால்தான் கிடைக்கிறது.

அங்கேயும் கேக் கத்தி வைத்த தட்டை ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷர்," என்று ஆரம்பித்தார். "விரல் மூட்டுதான் வலிக்குதாம். மருந்து பாட்டில் திறக்கக் கஷ்டப்படறதாச் சொன்னார்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவள் டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். அவளுடைய கணவர் நேற்றுத்தான் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, பெயர்ச்சீட்டில் இருந்த மூன்று பிழைகளை வட்டமிட்டிருந்தார்.

"எந்த பாட்டில் சார்?"

"பொதுவாச் சொல்றேன்."

"பொதுவான்னா?"

மூடியார் புன்னகைத்தார். மூன்று வருடம் அவளோடு வேலை பார்த்தவர். அவள் மந்தம் இல்லை என்று அவருக்குத் தெரியும். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசத்தோட உங்களுக்கும் ரிட்டையர்மென்ட் வருது, இல்லையா? அதுக்கப்புறம் என்ன பண்ணப்போறீங்க?"

"தூங்கலாம்னு இருக்கேன்."

"தூங்குங்க, யாரு வேண்டாம்னா? எங்க சங்கத்துல என் பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. ஜன்னல் வெச்ச ரூம். மொதல் ரெண்டு வருஷம் உங்களுக்கும் தடை இருக்கும், அதனால வேலையும் இருக்காது. நாலு விசேஷ வீட்டுக்குப் போயிட்டு வந்தா போதும். நல்ல சாப்பாடு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் கவனித்தாள், மனசு அதற்குள் அந்த அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தது. கடையில் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு துணியைத் தோளில் போட்டுப் பார்ப்பது போல. தோளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அதைத் தன்னிடம் மறைக்க முடியவில்லை.

அந்த நேரம் தண்ணீர் குடிக்க வக்கீலம்மா உள்ளே வந்தாள். துறையின் சட்டப் பிரிவில் இருப்பவள், இளவயது. அலுவலகத்தில் மேடம் என்பாள், வெளியே அக்கா.

"அக்கா, தண்ணி எங்க இருக்கு? ஹால்ல உங்க வீட்டுக்காரர் என் விசிட்டிங் கார்டுல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டார். எனக்கு வேர்த்துடுச்சு."

"பானையில இருக்கு, எடுத்துக்கோ."

வக்கீலம்மாவைப் பார்த்து வேறு யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். மூடியார் நிறுத்தவில்லை. அவர் எழுதிய விதியின் உள்ளே, அவர் வெட்டிவைத்த வாசல் வழியாக, சட்டப்படி வந்திருக்கிறார். பயம் எதற்கு?

"வாம்மா, வாம்மா. இது குடும்ப விசேஷம். சட்டத்துக்கு இன்னைக்கு லீவு."

அப்போதுதான் அவளுக்குள் ஒரு குறும்பு எழுந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் நாற்காலியில் சுண்ணாம்புத் தூள் தடவுகிற பெண்ணுக்கு வருமே, அந்த வயதுக் குறும்பு. இவ்வளவு வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தை வெகு அப்பாவியாக வைத்துக்கொண்டாள்.

"சார், நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. எனக்குத்தான் புரியலை."

"அதான்மா, திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை என்ன சார்?"

"குழு."

"நான் மூணு குழுவுல இருக்கேன் சார். கேன்டீன் குழுவா? போன தடவையே வடிகட்டி மாத்தணும்னு எழுதிட்டேன்."

மூடியார் பெருமூச்சு விட்டார். "கேன்டீன் இல்லம்மா. பெரிய குழு."

"விளையாட்டு விழா குழுவா?"

வக்கீலம்மா தம்ளருக்குள் சிரித்தாள். மூடியாருக்குப் பொறுமை போயிற்று. அவருடைய கலையே சொல்லாமல் சொல்வது. இந்த அம்மாளிடம் அது செல்லுபடியாகவில்லை. தவளை தன் வாயால்தான் கெடும்.

"எங்க சங்கத்தோட மனு," என்றார் அழுத்தம் திருத்தமாக. "புது மூடிக்கு ரெண்டு வருஷ அவகாசம் கேட்டுப் போட்ட மனு. திங்கட்கிழமை உங்க முன்னாடி வருது. மத்தவங்க எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க குறுக்க நிக்காதீங்க. போதுமா? இதுக்கு மேல ஒருத்தன் தெளிவா எப்படிப் பேசுறது?"

"இப்பப் புரிஞ்சுது சார்," என்றாள் அவள்.

பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள். சுண்ணாம்புத் தூள் தடவியாயிற்று, டீச்சரும் உட்கார்ந்தாயிற்று. இனி அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மழை நாளும் தியேட்டர் இருட்டும் காலி இருக்கையும் கையை விட்டுப் போய்விடும். கூடத்தில் புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருக்கிற மனிதரின் முகமும் ஒரு நிமிடம் விழும். சொல்லாமல் இருக்கலாம். திங்கட்கிழமை மனுவை எதிர்த்து எழுதலாம். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் ஒரு பக்கம். அடுத்த மாதம் அவள் போனதும் புதுத் தலைவர் வருவார். அவருக்கும் ஒரு பேத்தி பிறக்கும், மூடியார் கிலுகிலுப்பையோடு போவார். தள்ளுபடி ஆகாத மனு சாகாது. அதற்குள் இன்னும் எத்தனை பாட்டில்களைக் குழந்தைகள் திறக்குமோ.

"சார், இன்னைக்கு எங்க கல்யாண நாள் இல்ல."

மூடியார் சிரித்தார். "நல்ல ஜோக்."

"மழைக்காலத்துலதான் எங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சு. மாமாவுக்கு உடம்பு சரியில்லாம தள்ளிப் போச்சு. இவர் பழைய பத்திரிகையைப் பாத்துக் கொண்டாடறார். பதிவுச் சான்றிதழ் பீரோவுல இருக்கு."

"நான் பத்திரிகையையே கேட்டு வாங்கிப் பாத்தேனேம்மா," என்றார் அவர். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி பாத்துட்டுத்தானே கேக்குக்குச் சொன்னேன்."

வக்கீலம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம்," என்றாள்.

அக்கா போய் மேடம் வந்த அந்த ஒரு சொல்லிலேயே மூடியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"விதியில 'நிகழ்ச்சிக்குரிய நாளில்'னு இருக்கு சார்," என்றாள் வக்கீலம்மா. குரலில் மன்னிப்புக் கேட்பது போல ஒரு தயக்கம். "வரைவுக்கு அப்புறம் நீங்கதான் சேர்க்கச் சொன்னீங்க. இல்லாட்டி தினமும் ஒருத்தன் பிறந்த நாள் கொண்டாடுவான்னு சொன்னீங்க. நான்தான் எழுதினேன்."

"சொன்னேன்," என்றார் மூடியார். அவருடைய கண்ணில் ஒரு கணம் பழைய இயக்குநர் வந்துவிட்டுப் போனார். நல்ல வரிதான் சேர்த்திருக்கிறோம் என்ற திருப்தி அவரையும் மீறித் தெரிந்தது. மறுகணமே ஆலோசகர் திரும்பிவிட்டார்.

"என்ன, டீ போடப்போனவ டீத் தோட்டத்துக்கே போயிட்டியா?" என்று கேட்டபடி கணவர் வந்தார்.

மூடியார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க சார். உங்க கல்யாண நாள் இன்னைக்குத்தானே?"

"அதுல என்ன சந்தேகம்? அச்சுல இருக்கே."

"கேட்டீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். ஜோசியம் பார்ப்பவள் போல நிதானமாகப் பேசினாள். "செருப்பைக் கையில தூக்கிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?"

"முழங்கால் வரைக்கும். கோடை மழை."

"கோடை மழைக்கு முழங்கால் தண்ணி நிக்குமாங்க?"

விலைச் சீட்டு காலரில் ஆடியது. முப்பது வருடப் பக்கங்களை அவர் கண்ணுக்குள் புரட்டுவது அவளுக்குத் தெரிந்தது. எங்கோ ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"அப்பாவுக்கு மஞ்சக் காமாலை," என்றார் மெதுவாக.

"ஆமா."

"தள்ளி வெச்சோம்."

"ஆமாங்க."

"முப்பது வருஷம் பிழையோட ஓடியிருக்கு. ஒரு புத்தகத்துல இப்படி விட்டிருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க." பிறகு, அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியை, பயப்படாத குரலில் கேட்டார். "அப்ப நிஜ நாள்ல நீ என்ன பண்ணுவ?"

"சினிமாவுக்குப் போவேன்."

"தனியாவா?"

"தனியா."

அவர் கரண்டியை எடுத்து டீயைக் கிளறினார். "நல்ல படமெல்லாம் இருக்குமா?"

"சில வருஷம்."

"ம்," என்றார். காலரில் இருந்த சீட்டைத் தடவிப் பார்த்து, பிய்த்து, அதையும் ஒருமுறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபமா, சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு வருடம் பக்கத்தில் படுத்தவரின் முகத்தில் இன்னும் படிக்காத ஒரு வரி இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் பிடித்தும் இருந்தது.

கூடத்திலிருந்து கணக்காளர் குரல் கொடுத்தார். "கேக் உருகுது மேடம், வாங்க."

மூடியார் குரலைத் தாழ்த்தினார். இப்போது அதில் தந்திரம் குறைவாகவும் களைப்பு அதிகமாகவும் இருந்தது.

"இந்த மூடிக்காக நான் தரையில உக்காந்தவன்மா. உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷம்தான் கேக்குறேன், அப்புறம் வரத்தானே போகுது. நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம். வெளிய வந்து கேக்கை வெட்டுங்க, அது போதும். முப்பது வருஷமா இதே நாள்ல வெட்டினதுதானே? ஊரு உலகத்துக்கு இதுதான் கல்யாண நாள். வெட்டிட்டா விசேஷம். வெட்டாட்டிதான் வம்பு."

தட்டிலிருந்து கேக் கத்தியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். முப்பது வருடம் அவள் வெட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வெட்டியிருக்கிறாள். இந்த வருடமும் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் நிற்கவில்லை.

வக்கீலம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் அடுப்பின் ஓரத்தில் சாய்ந்து, அவள் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர் போல நின்றார்.

அவள் தம்ளர்களைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். டீயை வடிகட்டி ஊற்றினாள். மூடியாருக்குச் சர்க்கரை போடாத தம்ளரைத் தனியாக எடுத்து, அவருடைய கை எட்டும் இடத்தில் வைத்தாள். கத்தி அவர் கையிலேயே இருந்தது.

"வந்தவங்க வெறும் வயித்தோட போகக் கூடாது சார்," என்றாள். "கேக்கை நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க. நான் வெட்டலை."